இரண்டு இயங்குதளம், இரட்டை டிஸ்க்: ஆவணங்களைக் காக்க ஒரு கணினிப் பாடம்



ஐப்பசி மழை நாள் ஒன்றில் ஒரு தாயார் தம் மகளுடன் நம் அலுவலகத்துக்கு வந்தார். கணவர் மவ்த்தாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. உதவித்தொகை மனுவோடு திருமணப் பதிவின் நகலையும் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். நிக்காஹ் நடந்து முப்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. அந்த ஆண்டின் தஃப்தர் ஈரம் பட்டுச் செல்லரித்துப் போயிருந்தது. ஆனாலும் நாங்கள் கவலைப்படவில்லை. செல்லரிப்பதற்கு முன்பே எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து கணினியில் வைத்திருந்தோமே!

கணினியைப் போட்டோம். உள்ளேயிருந்து 'டக், டக்' என்று சத்தம் வந்தது. கறுப்புத் திரையில் டிஸ்க்கைக் காணவில்லை என்று ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது. ஸ்கேன் வேலைக்கு உதவிய கல்லூரி மாணவர் ஒருவரின் பென் டிரைவில் தற்செயலாக அந்த ஆண்டின் பக்கங்கள் கிடந்தன. அல்ஹம்துலில்லாஹ், அந்தத் தாயாரின் வேலை முடிந்தது. ஆனால் அந்தப் பென் டிரைவில் இல்லாத வேறு சில ஆண்டுகளின் பக்கங்கள் போனவை போனவைதான்.

பதிவேடுகள் நம்மிடம் மக்கள் ஒப்படைத்த அமானிதம். தொலைந்த பின் வருந்தி என்ன பயன்? அதன் பிறகு ஒரு கணினியை முறையாக அமைத்தோம். அதில் இரண்டு இயங்குதளங்கள் இருக்கின்றன. ஆவணங்கள் ஒரே நேரத்தில் இரண்டு டிஸ்க்குகளில் பதிவாகின்றன. அதை எப்படிச் செய்தோம், எங்கே தவறினோம் என்பதை இந்த இதழில் பாடமாகத் தருகிறோம். நம் வாலிபர்களும் படிக்கும் பெண்பிள்ளைகளும் இதைச் செய்து பழகலாம்.

இரண்டு இயங்குதளம் எதற்கு?

விண்டோஸ், லினக்ஸ் போன்றவற்றை இயங்குதளம் என்கிறோம். ஒரே கணினியில் இரண்டையும் நிறுவிக்கொண்டு, இயக்கும்போது எது வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதே 'டூயல் பூட்'. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. வாடிவாசலில் காளைகள் எத்தனை காத்திருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் வெளியே வரும். கணினியிலும் அப்படித்தான். ஒன்று ஓடும்போது மற்றது உறங்கும்.

இது நமக்குப் புதிதும் அல்ல. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன் 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம் அது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. பலர் அதை ஒரு முறைகூடத் திறந்து பார்த்ததில்லை. இப்போது அந்தப் பழைய மடிக்கணினிகள் பீரோவில் உறங்குகின்றன. விண்டோஸ் 7 க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்தன. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. இலேசான லினக்ஸ் ஒன்றைப் போட்டால் அவற்றில் பல இன்னும் சில ஆண்டுகள் பிள்ளைகளின் படிப்புக்கு உழைக்கும்.

நம் அலுவலகத்துக்கு இரண்டும் தேவைப்பட்டன. தணிக்கையாளர் கேட்கும் கணக்கு மென்பொருளுக்கு விண்டோஸ் வேண்டும். ஸ்கேன், கடிதம், பதிவேடு எல்லாவற்றுக்கும் லினக்ஸ் போதும், விலையும் இல்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். முன்பு நம் கணினியில் யாரோ போட்டுக் கொடுத்த திருட்டு விண்டோஸ்தான் இருந்தது. பொதுப்பணத்தில் நடக்கும் அலுவலகத்தில் அது முறையல்ல. அப்படிப்பட்ட பிரதிகளோடு வைரஸும் சேர்ந்து வரலாம். இந்த முறை உரிமம் உள்ளதையே வாங்கினோம்.

இரட்டை டிஸ்க் என்றால்?

சம அளவுள்ள இரண்டு டிஸ்க்குகளை ஜோடியாக வைத்து, ஒன்றில் எழுதுவதை அதே நொடியில் மற்றதிலும் எழுதச் செய்வது 'மிரரிங்'. கண்ணாடியில் பிம்பம் தெரிவது போல என்பதால் அந்தப் பெயர். ஒன்று செத்தாலும் மற்றது வேலையைத் தொடரும். 1988 இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் ஆகிய மூவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், விலை குறைந்த பல டிஸ்க்குகளைச் சேர்த்து நம்பகமான சேமிப்பை உருவாக்கும் வழிகளை வரிசைப்படுத்தி 'ரெய்டு' என்று பெயரிட்டார்கள். அந்த வரிசையில் முதலாவது இந்த மிரரிங். அதனால்தான் கடைக்காரர்கள் இதை 'ரெய்டு ஒன்று' என்பார்கள்.

ஒரு டெராபைட் டிஸ்க் இரண்டு வாங்கினால் நமக்குக் கிடைக்கும் இடம் ஒரு டெராபைட்தான். மற்றொன்று முழுவதும் நகல். இது வீண் செலவு என்று சிலர் கேட்டார்கள். அந்தத் தாயாரின் முகத்தைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்கவில்லை.

இரண்டும் சேரும்போது வரும் சிக்கல்

லினக்ஸ் தன் முறையில் ஜோடி சேர்த்த டிஸ்க்குகளை விண்டோஸால் படிக்க முடியாது. விண்டோஸ் தன் முறையில் சேர்த்ததை லினக்ஸில் எடுப்பதும் சிரமம். சில மதர்போர்டுகளிலேயே ரெய்டு வசதி உண்டு. அதில் சேர்த்தால் உரிய டிரைவருடன் இரண்டும் படிக்கும். ஆனால் விலை குறைந்த போர்டுகளில் பெரும்பாலும் அந்த வசதி இருக்காது. நம்முடையதிலும் இல்லை.

ஆகவே நாங்கள் வேறு வழியில் போனோம். இயங்குதளங்கள் இரண்டும் ஒரு சிறிய எஸ்.எஸ்.டி.யில் தனியாக இருக்கும். ஆவணங்கள் மட்டும் ஜோடி டிஸ்க்கில் இருக்கும். எஸ்.எஸ்.டி. கெட்டால் இயங்குதளத்தை மறுபடி நிறுவிக்கொள்ளலாம், அது கடையில் கிடைக்கும் பொருள். தஃப்தரின் பக்கம் எந்தக் கடையிலும் கிடைக்காது.

விண்டோஸால் ஜோடியைப் பார்க்க முடியாவிட்டாலும் லினக்ஸால் விண்டோஸின் பகுதியைப் படிக்க முடியும். அதனால் தினமும் மாலை லினக்ஸில் நுழைந்து, விண்டோஸ் பக்கம் உள்ள கணக்குக் கோப்புகளை ஜோடி டிஸ்க்குக்கு நகலெடுக்கிறோம்.

படிப்படியாக

1. முதலில் கணினியில் இருப்பதையெல்லாம் வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, நகல் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இந்தப் படியைத் தாண்டி அடுத்ததற்குப் போக வேண்டாம்.

2. இரண்டு டிஸ்க்குகளையும் ஒரே கடையில் ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள். ஒன்றாகப் பிறந்தவை ஒன்றாகவே கெடக்கூடும். நாங்கள் இரண்டு வேறு நிறுவனங்களின் டிஸ்க்குகளை வாங்கினோம். ஒவ்வொன்றிலும் அச்சிட்டிருக்கும் சீரியல் எண்ணைத் தாளில் எழுதி, ஒன்று, இரண்டு என்று வெளியே தெரியும்படி ஒட்டினோம். பின்னாளில் கெட்டதைக் கழற்றப் போய் நல்லதைக் கழற்றிவிடாமல் இருக்க இந்தச் சீட்டுதான் உதவும்.

3. முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ். மாற்றிச் செய்தால் விண்டோஸ் தன்னையே முதலில் நிறுத்திக்கொள்ளும், தேர்வுப் பட்டியல் மறைந்துவிடும். விண்டோஸ் நிறுவும்போது ஜோடி டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றி வையுங்கள். சில நேரம் அது தன் பூட் பகுதியை வேறு டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்துவிடும். எஸ்.எஸ்.டி.யில் பாதி இடத்தை லினக்ஸுக்குக் காலியாக விடுங்கள்.

4. விண்டோஸ் ஏறியதும் அதில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதியை அணையுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக அணையாமல் அரைத் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸ் அதன் பகுதியைத் தொடுவது ஆபத்து. விண்டோஸ் 11 தானாகவே டிஸ்க்கை பிட்லாக்கரால் பூட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். பூட்டியிருந்தால் மீட்புச் சாவி எண்ணை முதலில் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

5. கேபிள்களை மாட்டி, டெபியன் லினக்ஸை நிறுவுங்கள். 'பாஸ்' உருவானதும் டெபியனின் அடிப்படையில்தான். நிறுவும் திரைகளைத் தமிழிலேயே பார்க்கலாம். டிஸ்க் பிரிக்கும் இடத்தில் 'கைமுறை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஜோடி டிஸ்க் ஒவ்வொன்றிலும் ஒரு பகுதியை உண்டாக்கி, 'ரெய்டுக்கு' என்று குறியுங்கள். டிஸ்க்கின் கடைசியில் கொஞ்சம் இடம் விடுங்கள். பிற்காலத்தில் வாங்கும் மாற்று டிஸ்க் சற்றே சிறியதாக இருந்தாலும் அப்போது பொருந்தும்.

6. அடுத்து மென்பொருள் ரெய்டு அமைக்கும் பட்டியலில் நுழைந்து ரெய்டு ஒன்று, செயல்படும் டிஸ்க் இரண்டு, உபரி பூஜ்யம் என்று கொடுத்து இரண்டு பகுதிகளையும் டிக் செய்யுங்கள். இப்போது ஜோடி ஒரே டிஸ்க்காகத் தெரியும். அதை வடிவமைத்து ஆவணங்களுக்கு ஒதுக்குங்கள். எஸ்.எஸ்.டி.யில் விட்ட காலி இடத்தில் லினக்ஸ் ஏறட்டும்.

7. கணினியை மறுபடி இயக்கினால் இரண்டு பெயர்களும் பட்டியலில் வர வேண்டும். விண்டோஸ் வரவில்லை என்றால் பதற வேண்டாம், அது அழிந்துவிடவில்லை. 'க்ரப்' என்ற பூட் நிரலுக்கு மற்ற இயங்குதளங்களைத் தேட அனுமதி கொடுத்தால் வந்துவிடும். அதற்கான வரிகளைத் தாளில் எழுதிக் கணினியின் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். வந்து எழுதிக்கொள்ளலாம்.

8. கடிகாரத்தைப் பாருங்கள். விண்டோஸ் கணினியின் உள்கடிகாரத்தில் நம் ஊர் நேரத்தை வைக்கும். லினக்ஸ் அதை உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொள்ளும். அதனால் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போது நேரம் சரியாக ஐந்தரை மணி முன்னோ பின்னோ போகும். தேதி தவறினால் சில இணையதளங்கள் திறக்காது, எந்தக் கோப்பு புதியது என்பதும் குழம்பும். லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் தீர்ந்தது.

9. தமிழில் அடிப்பதை யூனிகோடில் மட்டும் அடியுங்கள். தமிழக அரசு 2010 இலேயே அதை ஏற்றுக்கொண்டது. பழைய எழுத்துருவில் அடித்த பட்டியலை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் குறியீடுகளாகத் தெரியும். டிஸ்க் பிழைத்தும் எழுத்து போய்விடும்.

10. விண்டோஸில் இருக்கும்போது 'இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டால் 'வேண்டாம்' என்றே சொல்லுங்கள். அது ஜோடி டிஸ்க்காக இருக்கலாம். கணினியின் முகப்பில் இதைப் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறோம்.

இரண்டு 'யு'

ஜோடியின் நலத்தை லினக்ஸ் ஒரே வரியில் சொல்லும். இரண்டும் நலமாக இருந்தால் அடைப்புக்குறிக்குள் ஆங்கில எழுத்து 'யு' இரண்டு முறை இருக்கும். ஒன்று போய்விட்டால் ஒரு 'யு'வும் ஒரு கோடும் இருக்கும். கணினி தெரியாதவரும் இதைப் பார்க்கலாம். நம் அலுவலகத்தில் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒருவர் பார்த்து நோட்டில் கையெழுத்திடுகிறார். இந்தக் கையெழுத்து மிக முக்கியம். ஒரு டிஸ்க் செத்தாலும் கணினி வழக்கம்போல ஓடுவதால் யாருக்கும் தெரியாது. பார்க்காமல் விட்டால் ஒற்றை டிஸ்க்கில் மாதக்கணக்கில் ஓடி, அதுவும் ஒரு நாள் போகும்.

ஒத்திகையும் செய்தோம். கணினியை அணைத்து, இரண்டாம் எண் டிஸ்க்கைக் கழற்றி, மறுபடி இயக்கினோம். கோப்புகள் எல்லாம் அப்படியே இருந்தன. மாட்டிச் சேர்த்ததும் மாறியவற்றை மட்டும் நகலெடுத்துக்கொண்டு விரைவில் இரண்டு 'யு' திரும்பியது. புத்தம்புது டிஸ்க் என்றால் ஒரு டெராபைட் முழுதும் நகலாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். உயிரோடிருக்கும் டிஸ்க்குக்கு அப்போது வேலை அதிகம். ஆகவே மாற்றுவதற்கு முன் வெளி டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். மின்வெட்டுக்கு யு.பி.எஸ். கட்டாயம்.

எங்கள் தவறு

இவ்வளவும் செய்து முடித்துப் பெருமையோடு இருந்தோம். இரண்டு மாதம் கழித்து, பழைய ஸ்கேன்களை ஒழுங்குபடுத்தும்போது எங்களில் ஒருவர் தவறான ஃபோல்டரை அழித்துவிட்டார். உதவித்தொகை கேட்ட மாணவர்களின் அந்த ஆண்டு விண்ணப்பங்கள் முழுவதும் அதில் இருந்தன. இன்னொரு டிஸ்க் இருக்கிறதே என்று நிம்மதியாகப் போய்ப் பார்த்தோம். அதிலும் இல்லை.

இல்லாமல்தானே இருக்கும்? ஒன்றில் செய்வதை அதே நொடியில் மற்றதிலும் செய்வதுதான் அதன் வேலை. எழுதினால் இரண்டிலும் எழுதும், அழித்தால் இரண்டிலும் அழிக்கும். வைரஸ் வந்து கோப்புகளைப் பூட்டினால் இரண்டையும் பூட்டும். இடி விழுந்து மின்னழுத்தம் ஏறினால் ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டும் கருகும். திருடன் எடுத்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

அன்று காப்பாற்றியது வெளி ஹார்ட் டிஸ்க். நான்கு நாள் முன்பு எடுத்த நகல் அதில் இருந்தது. அந்த நான்கு நாள் விண்ணப்பங்களுக்காக வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டு மறுபடி வாங்கினோம். ஒரு பிள்ளையின் விண்ணப்பமும் விட்டுப்போகவில்லை. ஆனால் பாடம் படித்துக்கொண்டோம்: டிஸ்க் சாவதிலிருந்துதான் ஜோடி காக்கும். நம் கையிலிருந்து காப்பது தனியாக எடுத்து வைத்த நகல்.

அந்த நகல் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தாலும் போதாது. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாதவையும் இருந்தன. அவை திரும்பவில்லை. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் ஏராளமான குடும்பங்கள் பத்திரங்களையும் மதிப்பெண் சான்றிதழ்களையும் இழந்தன. அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி நகல் கொடுக்க வேண்டியிருந்தது. அரசு அலுவலகத்தில் மூலப்பதிவு இருந்ததால் அது முடிந்தது. நம் தஃப்தருக்கு மூலப்பதிவு நாம்தான்.

ஆகவே இப்போது எங்களிடம் வெளி டிஸ்க் இரண்டு. ஒன்று அலுவலகப் பீரோவில் இருக்கும், மற்றொன்று வேறொரு நிர்வாகியின் வீட்டில் இருக்கும். வாரம் ஒரு முறை இரண்டும் இடம் மாறும். நகலெடுக்கும்போது மட்டும் கணினியில் மாட்டுவோம். இரண்டுமே கடவுச்சொல்லால் பூட்டப்பட்டவை. நிக்காஹ், தலாக், கடன், உதவி என்று குடும்பங்களின் அந்தரங்கம் அதில் இருக்கிறது. தொலையாமல் காப்பது போலவே பிறர் கண்ணில் படாமல் காப்பதும் அமானிதம்தான். கடவுச்சொல் இரண்டு பேருக்குத் தெரியும், ஒருவருக்கு மட்டும் அல்ல. மவ்த் யாருக்கும் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

மாதம் ஒரு முறை அந்த நகலிலிருந்து ஏதாவது ஒரு கோப்பைத் திறந்து பார்க்கிறோம். திறந்து பார்க்காத நகலை நம்பி இருக்கக் கூடாது.

வீட்டில் என்ன செய்யலாம்?

எல்லா வீட்டுக்கும் இரட்டை டிஸ்க் தேவையில்லை. மடிக்கணினியில் பெரும்பாலும் அதற்கு இடமும் இருக்காது. ஆனால் இந்தப் பாடத்தின் சாரம் எல்லா வீட்டுக்கும் பொருந்தும். பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம், மருத்துவ அறிக்கை ஆகியவற்றை இந்த வாரமே ஸ்கேன் செய்து ஒரு பென் டிரைவில் போடுங்கள். இன்னொரு நகலை ஊரில் வேறு தெருவில் இருக்கும் அக்கா வீட்டிலோ மாமா வீட்டிலோ கொடுத்து வையுங்கள். மத்திய அரசின் டிஜிலாக்கரில் கணக்கு தொடங்கினால் ஆதார், ஓட்டுநர் உரிமம், மதிப்பெண் பட்டியல் போன்றவற்றை வழங்கிய துறையிடமிருந்தே நேரடியாகப் பெறலாம். அப்படிப் பெற்றவை மூல ஆவணத்துக்கு இணையானவை. செல்போனில் மட்டும் படம் எடுத்து வைத்திருப்பதை நகல் என்று எண்ண வேண்டாம். செல்போன் தண்ணீரில் விழ ஒரு நொடி போதும்.

பீரோவில் உறங்கும் அரசு மடிக்கணினியைக் கொண்டு வாருங்கள். அதில் உள்ளதை முதலில் நகலெடுத்து, பிறகு லினக்ஸ் போட்டுத் தருகிறோம். கூடவே பிள்ளையும் வரட்டும். பக்கத்தில் உட்கார்ந்து தானே செய்யட்டும். அடுத்த முறை ஒரு டிஸ்க் 'டக், டக்' என்னும்போது பதறாமல் ஸ்க்ரூடிரைவரை எடுக்க நம் ஊரில் பத்துப் பிள்ளைகளாவது வேண்டும்.

அந்தத் தாயாருக்கு உதவித்தொகை வரத் தொடங்கிவிட்டது. அவருடைய மகள் இப்போது சனிக்கிழமைகளில் வந்து, மீதமிருக்கும் தஃப்தர்களை ஸ்கேன் செய்து தருகிறார். போன வாரம் நோட்டில் கையெழுத்திட்டதும் அவர்தான்: "இரண்டு யு. சரி."

அல்லாஹ் நம் அனைவரின் அமானிதங்களையும் பாதுகாப்பானாக. வஸ்ஸலாம்.